நன்னீரும் நல்ல கூந்தலும்

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையைப் படித்தவர்களுக்கு மாதவியின் நீராட்டு நினைவிருக்கும். வாசநெய் பூசிய கூந்தலை அவள் வெறும் நீரில் கழுவவில்லை. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை என நாற்பத்தேழு பொருட்கள் ஊறிய நீரில் கழுவுகிறாள். பின்னர் நறும்புகையில் உலர்த்துகிறாள். பெண்களின் கூந்தல் அலங்காரத்தை முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐந்தாக வகுத்து, கூந்தலுக்கே 'ஐம்பால்' என்று பெயரிட்ட மொழி நம்முடையது. எனவே கூந்தலைப் பேணும் ஆசை இன்றைய விளம்பரங்கள் கொண்டுவந்த ஒன்றல்ல.

அந்தக் காதையில் இளங்கோவடிகள் இன்னொரு சொல்லையும் வைத்திருக்கிறார். நாற்பத்தேழு பொருட்களும் ஊறியது 'நன்னீரில்'. மாணவியாக இருந்தபோது அந்தச் சொல்லை நான் கவனிக்கவில்லை. விஞ்ஞான ஆசிரியையாக நெடுந்தீவுக்கு முதல் நியமனம் பெற்றுப் போன பிறகுதான் அதன் பெறுமதி விளங்கியது.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் உண்டு. தலைமயிர் கொட்டுகிறது, என்ன பூசலாம் என்று கேட்டு ஒவ்வொரு தவணையிலும் மாணவிகள் சிலராவது என்னிடம் வருகிறார்கள். சிலவேளை தாய்மாரும் வருகிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியே சொன்னதை இங்கே ஒழுங்காகச் சொல்ல விரும்புகிறேன். என் வீட்டில் நான் விட்ட ஒரு பிழையையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன்.

தீவகத்துத் தண்ணீர்

குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நான் போய்ச் சேர்ந்தது ஆடி மாதத்தில். முதல் நாள் முழுகியபோது சவர்க்காரம் நுரைக்கவில்லை. மயிரில் பசைபோல் ஏதோ ஒட்டிக்கொண்டது. இரண்டு கிழமைக்குள் என் தலைமயிர் தேங்காய்த் தும்புபோலாகிவிட்டது. சீப்பு இறங்க மறுத்தது. நான் தங்கியிருந்த வீட்டு அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரீச்சர், இந்தத் தண்ணிக்குச் சவுக்காரம் சரிவராது. நான் சீயாக்காய் அவிச்சுத் தாறன், அதை வைச்சு முழுகுங்கோ."

அவர் அனுபவத்தால் சொன்னதற்கு இரசாயனவியலில் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தவை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை நிலத்துக்குள் இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிடப் பாரம் குறைந்தது என்பதால்தான் இப்படி மிதக்க முடிகிறது. இந்த வில்லையிலிருந்துதான் நாம் கிணற்றில் அள்ளுகிறோம். கோடையில் மழையில்லாமல், அள்ளுவதும் கூடும்போது வில்லை மெலிந்து கீழிருந்து உப்புநீர் மேலேறுகிறது. கிணறு சவர்க்கிறது. வேலணைத் தீவில் மண்கும்பான், அல்லைப்பிட்டி போன்ற மணற்பாங்கான இடங்களில் நல்ல தண்ணீர் கிடைக்க, வேறு பல இடங்களில் வாய் கொப்பளிக்கவும் முடியாத தண்ணீர் இருப்பதற்கு நிலத்தின் இந்த வேறுபாடே காரணம்.

சுண்ணாம்புக்கல்லின் ஊடாக வரும் நீரில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். அதைத்தான் வன்னீர் என்று பாடநூலில் படிக்கிறீர்கள். சவர்க்காரம் இவற்றோடு சேர்ந்ததும் நீரில் கரையாத வெண்ணிறப் படிவாக மாறுகிறது. வாளியின் விளிம்பில் படியும் அதே அழுக்குத்தான் மயிரிலும் படிகிறது. சீயாக்காயில் இருப்பது சபோனின் என்னும் வேறு வகைப் பொருள். அது வன்னீரிலும் அழுக்கை எடுக்கும். அப்படியான படிவை உண்டாக்காது. அத்துடன் சவர்க்காரம் காரத்தன்மையானது. சீயாக்காய்ச் சாறு மென்மையான அமிலத்தன்மையானது. மயிரின் மேற்பரப்பில் ஓட்டுக்கூரையின் ஓடுகளைப்போல் செதில்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. காரத்தில் அவை எழும்பி நிற்கும், மென்னமிலத்தில் படிந்துகொள்ளும். படிந்தால் மினுமினுப்பு, எழும்பினால் சிக்கு.

நம் முன்னோர் இதைப் பனையிலும் கண்டிருந்தார்கள். பொருளாதாரத் தடை இருந்த யுத்த காலத்தில், சவர்க்காரம் கிடைக்காமல் பனங்காயால் உடுப்புத் துவைத்ததை உங்கள் பெற்றோரிடமோ அயலவரிடமோ கேட்டுப் பாருங்கள். பனங்களியின் கசப்புக்குக் காரணமான பொருட்களும் சபோனின் வகையைச் சேர்ந்தவையே.

ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். சவர்த் தண்ணீர் மயிரை முரடாக்கும், இடையில் முறிக்கும். ஆனால் வேரோடு பிடுங்காது. முறிவதும் உதிர்வதும் இரண்டு வேறு நோய்கள். மருந்தும் வேறு.

முறிந்ததா, உதிர்ந்ததா?

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சீப்பில் வந்த மயிர்களில் பத்தை எடுத்து ஒரு கறுப்புத் துணியில் வையுங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையிலும் சிறியதாக ஒரு வெண்புள்ளி தெரிந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. வெண்புள்ளி இல்லாமல் நீளம் குறைந்த துண்டாக இருந்தால் அது முறிந்தது.

தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தோலுக்குள் இருக்கும் மயிர்ப்புடைப்பிலிருந்து முளைக்கிறது. இரண்டு தொடக்கம் ஆறு ஆண்டுகள்வரை, மாதத்துக்குச் சுமார் ஒரு சென்ரிமீற்றர் வீதம் வளரும். பின்னர் சுமார் மூன்று மாதம் ஓய்ந்திருந்து உதிரும். அதே இடத்தில் புதிய மயிர் முளைக்கும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர்கள் உதிர்வது இயல்பு. கிழமைக்கு ஒருமுறை முழுகும் பிள்ளைக்கு அன்று மட்டும் அதிகமாக வருவதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. முன்னைய நாட்களில் கழன்றவையும் சேர்ந்துதான் அன்று வருகின்றன.

தோலுக்கு வெளியே தெரியும் மயிர் உயிரற்றது. அது கெரற்றின் என்னும் புரதத்தாலான நார். உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கிறது. அதற்கு உணவும் ஒட்சிசனும் கொண்டுபோவது குருதி. "ஹிஜாப் அணிவதால் முடிக்குக் காற்றுப் படவில்லை, அதனால்தான் கொட்டுகிறது" என்று சிலர் சொல்வது இதனால் பிழையாகிறது. மயிர்வேர் காற்றிலிருந்து சுவாசிப்பதில்லை. ஆனால் ஈரம் காயாத தலையை இறுக்கி மூடுவதும், உச்சியில் கொண்டையை இழுத்துக் கட்டுவதும் தீமையானவை. ஈரத்தில் மயிர் எளிதில் முறியும். தலைத்தோலில் அரிப்பும் பொடுகும் கூடும். ஒரே இடத்தில் நாள்தோறும் இழுபட்டால் நெற்றியோரத்து மயிர் மெல்ல மெல்லக் குறையும். அதிகாலையில் முழுகிவிட்டுப் பாடசாலைக்கு ஓடிவரும் பிள்ளைகள் முதல்நாள் மாலையில் முழுகுவது நல்லது. பின்னலைத் தளர்வாகப் பின்னி, பருத்தித் துணியால் தலையை மூடினால் போதும்.

உம்மம்மாவின் எண்ணெய்

என் உம்மாவைப் பெற்ற உம்மம்மா நயினாதீவில் பிறந்து யாழ்ப்பாணப் பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவரும் புத்தளம் போனார். எண்ணெய் காய்ச்சும் சட்டியைக் கொண்டுபோக முடியவில்லை. கைப்பக்குவம் மட்டும் கூடப் போயிற்று. ஓலைக் குடிசையிலும் பேத்திமாருக்கு மாதம் ஒருமுறை அவர் எண்ணெய் காய்ச்சினார். அந்தப் பக்குவம் இது:

தேங்காயெண்ணெய் அரை லீற்றர். கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, கையாந்தகரை ஒரு கைப்பிடி, செவ்வரத்தம் பூ ஐந்தாறு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. இலையையும் பூவையும் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். ஈரமிருந்தால் எண்ணெய் கெதியில் பழுதாகும். மெல்லிய நெருப்பில் எண்ணெயைச் சூடாக்கி எல்லாவற்றையும் போட்டுச் சடசடப்பு அடங்கும்வரை வைத்திருந்து இறக்கவேண்டும். புகைய விடக்கூடாது. ஆறியபின் துணியில் வடித்துக் கண்ணாடிப் போத்தலில் வைக்கவும்.

இந்த எண்ணெய் எதைச் செய்யும், எதைச் செய்யாது? தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் மயிரின் மேற்பரப்போடு நிற்காமல் உள்ளே ஊடுருவுகிறது. இந்திய ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டு தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், மயிர் புரதத்தை இழப்பதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. முழுகுமுன் பூசினால் நீரில் மயிர் ஊதிப் பருப்பது குறைகிறது, முறிவதும் குறைகிறது. முறியாத மயிர் நீளமாகவும் அடர்த்தியாகவும் தெரியும். 'எண்ணெய் வைத்தால் முடி வளரும்' என்று நம் பாட்டிமார் கண்டதன் பொருள் இதுதான்.

ஆனால் எந்த எண்ணெயும் புதிய வேரை உண்டாக்காது. கையாந்தகரை எலிகளில் மயிர் வளர்ச்சியைத் தூண்டியதாக ஆய்வுகள் உண்டு. மனிதரில் அப்படி உறுதிப்படவில்லை. முழுகுவதற்கு ஓரிரு மணி நேரத்துக்கு முன் பூசினால் போதும். பொடுகு உள்ளவர்கள் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டாம். பொடுகோடு தொடர்புள்ள நுண்பூஞ்சை எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களை உண்டு பெருகும். "பொடுகு போக எண்ணெய் வை" என்ற அறிவுரை பல வீடுகளில் பொடுகை வளர்த்திருக்கிறது.

மற்ற வீட்டு வைத்தியங்கள்

சீயாக்காய்: சீயாக்காய் 100 கிராம், பயறு 50 கிராம், வெந்தயம் 25 கிராம், வெயிலில் காய்ந்த தேசிக்காய்த் தோல் ஒரு பிடி. எல்லாவற்றையும் இடித்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு மேசைக்கரண்டித் தூளை இரண்டு கோப்பைத் தண்ணீரில் பத்து நிமிடம் அவித்து, ஆறியபின் துணியில் வடித்துச் சாற்றை மட்டும் பாவியுங்கள். தூளாகவே தேய்த்தால் மயிர் உராய்ந்து முறியும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சிறுபிள்ளைகளுக்கு மிகவும் கவனம்.

செவ்வரத்தை இலை, ஊறவைத்த வெந்தயம்: இவை இரண்டிலும் வழுவழுப்பான பசை உண்டு. அது மயிரின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து சிக்கை அவிழ்க்கும். கடையில் வாங்கும் 'கண்டிஷனர்' செய்யும் வேலையில் ஒரு பகுதியை இவை செய்துவிடும். கால் மணி நேரம் வைத்துக் கழுவிவிடவும்.

கற்றாளை: மடலை வெட்டி நிமிர்த்தி வைத்தால் முதலில் மஞ்சள் நிறப் பால் வடியும். அது தோலை உறுத்தும். அதை வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் தெளிந்த சோற்றை மட்டும் எடுக்கவும். வெயிலில் காய்ந்த தலைத்தோலுக்கு அது இதமானது.

தேசிக்காய்: வன்னீர் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவை அமிலம் கரைக்கும். ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் பாதித் தேசிக்காயைப் பிழிந்து, முழுகி முடிந்தபின் கடைசியாக ஊற்றவும். புளியை நேராகத் தலையில் தேய்க்க வேண்டாம். தேசிப்புளி பட்ட தோலில் வெயில் பட்டால் கறுத்துப் புண்ணாகும்.

வெங்காயச் சாறு: ஈராக்கின் பக்தாத் நகரில் நடந்து 2002இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், வட்டவட்டமாக மயிர் கொட்டும் நோயுள்ளவர்கள் சிலருக்கு இது பயன் கொடுத்தது. அந்த நோய் வேறு. பொதுவான முடி உதிர்வு வேறு. இதை அறியாமல் எல்லோரும் வெங்காயம் அரைக்கிறார்கள். தலைத்தோல் எரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

மருதோன்றி: இலையின் நிறம் கெரற்றினோடு பிணைந்து மயிரைச் செம்மையாக்கும். அது பாதுகாப்பானது. ஆனால் பெருநாளைக்கும் கலியாணத்துக்கும் 'உடனே கறுப்பாகும்' என்று விற்கப்படும் கலவைகளில் தலைச்சாயத்தில் சேர்க்கும் ஓர் இரசாயனம் இருக்கக்கூடும். அது கொப்புளம் போடும். வாழ்நாள் ஒவ்வாமையை உண்டாக்கும். இயற்கையான மருதோன்றி ஒருபோதும் மைக்கறுப்பாக இராது.

நல்ல தண்ணீர்: சவர்க் கிணறு உள்ள வீடுகளில் இதுவே முதல் வைத்தியம். முழுகுவதைக் கிணற்றுத் தண்ணீரில் முழுகி, கடைசி இரண்டு கோப்பையை மட்டும் மழைத் தண்ணீராகவோ குடிதண்ணீராகவோ ஊற்றுங்கள். மாரியில் கூரைத் தண்ணீரை உம்மம்மா மூடிய பானையில் பிடித்து வைப்பது இதற்காகத்தான். முதல் மழையில் கூரை கழுவப்பட்ட பின்னரே பிடிப்பார். குடிதண்ணீரைத் தூரத்திலிருந்து சுமக்கும் வீட்டில் ஒரு கோப்பையும் வீணாகக்கூடாது என்பதையும் அவரிடமே கற்றேன்.

நான் விட்ட பிழை

இவ்வளவும் தெரிந்தவள் நான். எனவேதான் இனி எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

என் மகள் பத்தாம் தரத்தில் படிக்கும்போது அவளது தலைமயிர் கொட்டத் தொடங்கியது. குளியலறை வாய்க்காலில் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. அந்தப் பள்ளி விடுமுறையில் நயினாதீவில் உறவினர் வீட்டில் பத்து நாட்கள் நின்றிருந்தோம். கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று முடிவு செய்தேன். உம்மம்மாவின் எண்ணெயைக் காய்ச்சினேன். சீயாக்காய் இடித்தேன். குறையாததால் கடையில் விலைகூடிய போத்தல்களும் வாங்கினேன். பிறகு அவளைக் குற்றஞ்சாட்டத் தொடங்கினேன். "இரவிரவாகப் ஃபோனைப் பார்த்தால் முடி கொட்டாமல் என்ன செய்யும்?" "ஈரத்தலையோடு ஹிஜாப் போடாதே என்று எத்தனை தரம் சொன்னேன்?"

அவள் பதில் சொல்லவில்லை. வெளியே போகும்போது தலை மூடியிருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் மட்டும் கூடும் கலியாண வீட்டிலும் அவள் ஹிஜாபைக் கழற்றாமல் மூலையில் இருந்தபோதுதான் பிள்ளை எவ்வளவு வெட்கப்படுகிறாள் என்று கண்டேன். ஐந்து மாதங்கள் இப்படியே போயின.

ஒருநாள் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "உம்மா, மாடிப் படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குது. ஸ்கூலில் எப்பவும் நித்திரை வருது. சொன்னால் ஏசுவீங்க என்று சொல்லயில்ல."

அவள் முகத்தைத் திருப்பிக் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய உட்புறம் வெளிறிக் கிடந்தது. மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு என்று கேட்டேன். ஒன்பது நாள் என்றாள். பல மாதங்களாக அப்படியாம். மறுநாள் குருதிப் பரிசோதனை செய்தோம். அவளது வயதில் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறையக்கூடாது. அவளுக்கு 8.9 இருந்தது.

வைத்தியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "உடம்புக்கு இரும்பு குறைந்தால் இதயத்துக்கும் மூளைக்கும் கொடுத்துவிட்டுத்தான் முடிக்குக் கொடுக்கும் ரீச்சர். முடி கடைசியில் நிற்கிற பிள்ளை" என்றார். வகுப்பில் குருதிச் சுற்றோட்டம் கற்பிப்பவள் நான். குருதி குறைந்திருந்த பிள்ளையின் தலைக்கு ஐந்து மாதம் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன்.

அளவு கூடிய மாதவிடாய்க்கும் சிகிச்சை நடந்தது. இரும்பு மாத்திரை தொடங்கி ஆறு கிழமையில் மூச்சு வாங்குவது நின்றது. மயிர் உதிர்வது குறைய மூன்று மாதம் சென்றது. நெற்றியோரம் சின்னச் சின்ன முடிகள் பூனைமயிர்போல் எழும்பி நின்றதை அவள்தான் முதலில் கண்ணாடியில் கண்டு கூப்பிட்டுக் காட்டினாள்.

கோப்பையிலுள்ள வைத்தியம்

மயிர் புரதத்தாலானது. அதன் வேர் உடலில் மிக வேகமாகப் பெருகும் கலங்களில் ஒன்று. ஆகவே தட்டில் குறைந்தது தலையில் தெரியும். காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பதும், இடைவேளையில் ஒரு 'ரோல்ஸ்' உடன் நாளை ஓட்டுவதும், மெலிய வேண்டும் என்று சோற்றையும் கறியையும் ஒதுக்குவதும் பல பிள்ளைகளின் வழக்கமாகிவிட்டன.

தீவகத்தில் இதற்குப் பஞ்சமில்லை. மீன், நண்டு, கணவாய், முட்டை ஆகியவை புரதம் தருவன. இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பு உடலில் எளிதாகச் சேரும். முருங்கையிலை, கீரை, பயறு, கௌபி ஆகியவற்றின் இரும்பு மெதுவாகவே சேரும். ஆனால் விற்றமின் சீ கூட இருந்தால் அது அதிகமாகச் சேரும். முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய்ப் புளி விடும் நம் சமையல் பழக்கம் எவ்வளவு அறிவானது பாருங்கள். நெல்லிக்காயையும் தலையில் பூசுவதைவிடச் சாப்பிடுவதே கூடிய பயன்.

சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் இதற்கு எதிர்வேலை செய்கிறது. தேயிலையின் தனின்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். பாடசாலையில் இரும்பு மாத்திரை தரும் நாளில் அதை யன்னலால் வீசும் பிள்ளைகளை நான் அறிவேன். வயிற்றைப் பிரட்டுகிறது என்றால் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கலாம். வீச வேண்டாம்.

காய்ச்சல், டெங்கு, பிரசவம், கடும் மனக்கவலை ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்களின் பின்னரும் மயிர் கொத்தாகக் கொட்டும். அது பெரும்பாலும் தானாகவே சீராகும். அந்த நேரத்தில் பூசிய எண்ணெய்க்குப் புகழ் போய்ச் சேர்வது வேறு விடயம்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

வட்டவட்டமாக மயிர் கொட்டினால். தலைத்தோல் சிவந்து செதில் எழும்பினால் அல்லது புண்ணானால். களைப்பு, மூச்சு வாங்குதல், வெளிறிய இமை கூட இருந்தால். மாதவிடாய் அளவு மீறினாலோ பல மாதம் தவறினாலோ. முகத்தில் கரடான மயிர் முளைத்தால். உடல்நிறை காரணமின்றிக் கூடினாலோ குறைந்தாலோ. மூன்று மாதம் கடந்தும் உதிர்வு குறையாவிட்டால், எண்ணெய்ப் போத்தலை வைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். குருதிச் சோகை, தைரொயிட்டுக் குறைபாடு, சூலகக் கோளாறு ஆகியவை தலைமயிரில்தான் முதலில் தெரிய வரலாம். பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதும் நல்லதல்ல.

அன்புள்ள மாணவிகளே, முடியுள்ளவர் அதைப் பேணட்டும் என்பது நபிகளார் காட்டிய வழி. மூடியிருப்பதால் அதைக் கவனிக்க வேண்டாம் என்றோ, கொட்டுவதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றோ நினைக்காதீர்கள். உம்மாவிடம் சொல்லுங்கள். உம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் ஓர் ஆசிரியையிடமாவது சொல்லுங்கள்.

பெற்றோரே, பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். பிள்ளை நமக்கு முதுகைக் காட்டி அமைதியாக இருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் என் மகள் தன் மூச்சு வாங்குவதைச் சொன்னாள். ஏசாமல் இருந்திருந்தால் ஐந்து மாதத்துக்கு முன்பே சொல்லியிருப்பாள். எண்ணெய் வைத்து முடிந்ததும் பிள்ளையைத் திருப்பி, கீழிமையை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.